எழுபது வளைவு இறங்கிய ரத்தம்

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என் வேலைக்கு உதவியாளர் என்று எழுதியிருந்தார்கள். மலையில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. ‘ரத்தம் கொண்டு போற அம்மா’ என்றுதான் சொல்வார்கள். பத்து வருடம், வாரத்துக்கு மூன்று நாள், கொல்லிமலையிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் ரத்தம் கொண்டு போனேன். ஒரு டியூப் உடைந்ததில்லை. ஒருவர் ரத்தம் இன்னொருவர் பேரில் போனதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்கள் தடையில்லாமல் வரும். ஆங்கிலம் கிடையாது. இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். பிழைகளை மருமகள் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்கே மெஷின் வந்துவிட்டது, ரத்தம் பஸ் ஏறுவதில்லை. போன மாதம் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். “செவந்த சாம்பிளைச் செல்லாதுன்னு சொன்னா சனங்க சண்டைக்கு வர்றாங்கம்மா. உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேட்டார்கள். நான் ஒரே ஒரு தடவைதான் சமாளித்தேன். அந்தச் சமாளிப்பு ஒரு மனிதன் உயிரோடு விளையாடிவிட்டது. அதைச் சொன்னால் அவர்களுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகும்.

எனக்கு ஊர் சேந்தமங்கலம் பக்கம். குச்சிக்கிழங்கும் சோளமும் போடும் குடும்பம். வீட்டுக்காரர் காப்பித் தோட்டத்துக் காவலுக்கு மேலே வந்ததால் நானும் வந்தேன். தொண்ணூற்றேழில், மலை மேல் சோளக்காடு என்ற ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் லேப் உதவியாள் குளிர் தாங்காமல் கீழே போய்விட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார்.

டாக்டர் ஹபீப் ராசிபுரத்துக்காரர். அவருடைய அப்பா அங்கே மிளகு மண்டி வைத்திருந்தார். மலை மிளகு பாதி அந்த மண்டிக்குத்தான் போகும். அதனால் மேலே எல்லோருக்கும் அவர் ‘மண்டிக்காரர் மகன்’. சத்தம் போட மாட்டார். தப்பு என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. “இதத் திரும்பப் பார்க்கலாம்” என்பார். அப்படிச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் ஏதோ பிசகிவிட்டது என்று அர்த்தம். துடைத்து முடிக்கும் வரை பேச மாட்டார். நாமும் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

வேலையை அவர் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். ரத்தம் எடுத்ததும் டியூப்பைக் குலுக்காமல் நிறுத்த வேண்டும். அரை மணி நேரத்தில் உறையும். பிறகு சுற்றுகிற மெஷினில் வைத்துப் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். சிவப்பெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீருக்கு சீரம் என்று பெயர். வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருக்க வேண்டும். அதைச் சிவப்பைத் தொடாமல் உறிஞ்சி வேறு சின்ன டியூப்பில் விட்டு, மூடி, பேரும் நேரமும் ஒட்டி, ஐஸ் டப்பாவில் துணி சுற்றி வைக்க வேண்டும். ஐஸ் மேலே படக் கூடாது. சீரம் சிவந்திருந்தால் ரத்தம் உள்ளே உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். சுற்றாத ரத்தம் ஆஸ்பத்திரிப் படி தாண்டக் கூடாது. இது கடைசி விதி. இதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

முதல் நாளே மெஷினில் ஒரே ஒரு டியூப்பை வைத்துச் சுற்றிவிட்டேன். எதிர்ப்பக்கம் அதே எடைக்குத் தண்ணீர் டியூப் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மெஷின் தடதடவென்று மேசை மேல் நடந்து விளிம்புக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வந்து சுவிட்சை அணைத்தார். “பாவாயம்மா, அது எங்க போகுதுன்னு கேட்டீங்களா?” என்றார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

வேலையில் கஷ்டமானது மெஷின் இல்லை, ஜனங்கள்தான். மலையில் அந்தக் காலத்தில் எடுத்த ரத்தம் திரும்ப ஊறாது என்று ஒரு எண்ணம். வெட்டுக்காயம் பட்டால் கலங்க மாட்டார்கள், ஊசியில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். நான் ஒரு டீ ஸ்பூன் வாங்கி வைத்துக்கொண்டேன். “பாருங்க, இத்தனதான். இந்த ஸ்பூனுக்கு மேல ஒரு சொட்டு எடுக்க மாட்டேன்” என்று தண்ணீரை ஊற்றிக் காட்டுவேன். அப்புறம் கையை நீட்டுவார்கள். எத்தனை தடவை கொடுத்தோம் என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், குண்டனி நாட்டிலிருந்து வெள்ளையன் வந்தார். மலையில் சில ஊர் சேர்ந்தால் அதை நாடு என்பார்கள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மிளகும் வாழையும் வைத்திருந்தார். மூன்று மாதமாக இருமல், சளியில் ரத்தக் கோடு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பக்கம் எலுமிச்சம்பழம் அளவு ஒரு கட்டி. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், எந்த வகை என்று பிரிக்கச் சதை போதவில்லை என்றார்கள். பரவாமல் இருந்தால் அந்தப் பாகத்தையே வெட்டி எடுத்துவிடலாம், பரவியிருந்தால் வெட்டிப் பிரயோசனம் இல்லை. ஸ்கேனில் நெஞ்சு நடுவில் ஒரு நெறிக்கட்டி சந்தேகமாகத் தெரிந்தது. அதோடு ரத்தத்தில் இரண்டு சோதனை கேட்டார்கள். இரண்டுக்கும் மூன்று மூன்று ஆங்கில எழுத்து. ஒன்று சி.இ.ஏ., இன்னொன்று என்.எஸ்.இ. இங்கே எடுத்து நாமக்கல்லில் கொடுத்தால் அங்கிருந்து சென்னைக்குப் போய், ஒரு வாரத்தில் எண் வரும்.

எனக்கு அது புரியவில்லை. “நெஞ்சுல இருக்கற கட்டி கையில எடுக்கற ரத்தத்துல எப்படிங்க தெரியும்?” என்று கேட்டேன்.

டாக்டர் மண்டிக் கணக்கிலேயே சொன்னார். “மூட்டை ஏத்திட்டு லாரி போகுது. நீங்க லாரியப் பார்க்கல. ஆனா ரோட்டுல மிளகு சிந்தியிருக்கு. கொஞ்சமா சிந்தியிருந்தா ஒரு மூட்டைல ஓட்டை. ரோடு பூரா இருந்தா மூட்டைங்க பல இடத்துல பிரிஞ்சு கிடக்குது. கட்டியும் அப்படித்தான் ரத்தத்துல சிந்தும். இத வச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது. ஸ்கேனோட சேர்த்துப் பார்க்கணும்.”

முதல் தடவை எடுத்ததில் சி.இ.ஏ. கொஞ்சம் கூட இருந்தது. என்.எஸ்.இ. பதினொன்று, அது அளவுக்குள் இருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் இரண்டையும் புதிதாக ஒரு தடவை எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

இரண்டாம் தடவை வெள்ளையனோடு அவர் சம்சாரம் பொன்னியும் வந்தாள். அன்று டாக்டர் தேவனூர் நாட்டில் முகாமுக்குப் போயிருந்தார். நர்ஸ் ஊசி எடுத்ததும் பொன்னி குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

“போன மாசந்தான எடுத்தீங்க? கோயமுத்தூர்ல வேற ரெண்டு தடவ எடுத்தாங்க. ஏனுங்க அக்கா, அவரு உடம்புல இன்னும் எத்தன ஸ்பூனுங்க மிச்சமிருக்கும்?”

“இதுதான் கண்ணு கடைசி. ஆபரேசனுக்கு முன்னால இனி ஊசி கிடையாது. நான் சொல்றேன்” என்றேன்.

“நீங்க சொன்னதா வெச்சுக்கறேன்” என்றாள். வெள்ளையன் கையை நீட்டிக்கொண்டு, “அவ எனக்காகப் பேசல அக்கா. மிளகு அறுப்புக்கு ஆளு வேணும், அதுக்குப் பேசறா” என்றார்.

ரத்தம் எடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். டியூப்பில் ரத்தம் உறைவதற்குள் கரண்ட் போய்விட்டது. எங்கோ கம்பி மேல் மரம் விழுந்துவிட்டதாம், மாலைக்குள் வராது என்றார்கள். சுற்ற வழியில்லை. சோளக்காட்டில் பதினோரு மணி பஸ். அதை விட்டால் மூன்று மணிக்கு. அதில் போனால் நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு ரத்தம் போகிற பெட்டி கிளம்பிவிடும். அடுத்த பெட்டி மூன்று நாள் கழித்துத்தான், ரத்தம் தாங்காது. கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பொன்னியிடம் கடைசி என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கீழே நாமக்கல் லேபில் கரண்ட் இருக்கும், அங்கே சுற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, சுற்றாத ரத்தத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு எழுபது. சீரத்தை அது ஒன்றும் செய்யாது. உறைந்த ரத்தம் அப்படி இல்லை, குலுங்கினால் உள்ளே உடையும். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுதான் போனேன். மழையில் ரோடு பெயர்ந்திருந்தது, டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துத் திருப்பினார். அடிவாரத்தில் காரவள்ளி வருவதற்குள் எனக்கே குடல் புரண்டது. நாமக்கல்லில் லேப்காரர் வாங்கிச் சுற்றினார். வெளியே எடுத்தபோது மேலே நின்ற நீர் மாதுளம்பழச் சாற்றில் தண்ணீர் கலந்த நிறத்தில் இருந்தது.

“அம்மா, இது செவந்திருக்குங்க” என்றார் லேப்காரர்.

“லேசாத்தான இருக்குது. அனுப்புங்க” என்றேன்.

“டாக்டர்கிட்ட சொல்லிருவீங்களா?”

“நான் சொல்லிக்கறேன்.”

சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதினால் பொய். அதுவரை நான் கொண்டு போன எதுவும் கெட்டதில்லை. அந்தக் கணக்கைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த மட்டும், லேசாகச் சிவந்தால் எண் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து வெள்ளையனும் பொன்னியும் ஒரு கவரோடு வந்தார்கள். கோயம்புத்தூரில் ஆபரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்து எழுதிக் கொடுத்து, வீட்டில் இருந்து பிடித்ததைச் சாப்பிடச் சொன்னார்களாம். டாக்டர் அவர்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு தடவை வந்த ரத்தச் சோதனைக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“சி.இ.ஏ. அப்படியே நிக்குது. என்.எஸ்.இ. மட்டும் முப்பத்தேழு” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். “ஸ்கேன்ல சந்தேகம் இருந்துச்சு. இந்த எண்ணப் பார்த்ததும் சீக்கிரமாப் பரவற வகைன்னு கை விட்டுட்டாங்க.”

“ஒண்ணு நின்னு ஒண்ணு மட்டும் ஏறுமுங்களா?”

“ஏறலாம். இந்த என்.எஸ்.இ. மட்டும் கொஞ்சம் மோசமானது பாவாயம்மா. ரத்தத்துல இருக்கற சிவப்பு அணுவும் அதே மிளகத் தன் மடியில கட்டி வச்சிருக்கும். அது உடைஞ்சா அந்த மிளகும் ரோட்டுல சிந்தும். அதனாலதான் சிவந்தா கொட்டச் சொல்றது. நீங்க சிவந்தத அனுப்ப மாட்டீங்களே.”

என்னைக் கேட்கவில்லை. நிச்சயமாக நம்பிச் சொன்னார். நான் துணியைப் பிழிந்துகொண்டு பின்னால் போய்விட்டேன். அங்கே கழுவ வேண்டிய டியூப்புகள் கிடந்தன. எத்தனை கழுவினேன் என்று தெரியாது. ஜன்னல் வழியே பார்த்தால் பெஞ்சில் அந்த இரண்டு பேரும் இருந்தார்கள். வெள்ளையன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிற பஸ் இரண்டு மணிக்கு. அதில் ஏறினால் அவர் திரும்ப வர மாட்டார். வீட்டுக்குப் போய்ச் சாகச் சொல்லிவிட்டார்கள் என்று நம்பி, அப்படியே செத்தும் போவார். அப்போது மணி ஒன்றே கால்.

உள்ளே போனேன். “டாக்டர், அது செவந்திருந்துதுங்க.”

“எது?”

“வெள்ளையனோடது. கரண்ட் இல்ல. சுத்தாமத்தான் கொண்டு போனேன். கீழ சுத்தறப்ப மாதுளம்பழச் சாறாட்ட இருந்துது. லேப்காரரு சொன்னாருங்க. நாந்தான் அனுப்பச் சொன்னேன்.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் அத்தனை நேரம் நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு அந்தக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

“சாம்பிள் உடைஞ்சிருக்குன்னு இங்க போட்டிருக்காங்க” என்றார். “நீங்க இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்க. நான் படிக்கத் தெரிஞ்சவன், நானும் படிக்கல. கோயம்புத்தூர்லயும் படிக்கல.” காகிதத்தை மடித்தார். “இதத் திரும்பப் பார்க்கலாம். வெளிய போய் அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னொரு தடவை எடுக்கணும்னும் நீங்களே சொல்லுங்க.”

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். பொன்னி முழுதும் கேட்டாள்.

“கடைசின்னு சொன்னீங்களே, அந்தச் சொல்லக் காப்பாத்தவா இப்படிப் பண்ணுனீங்க?”

“ஆமா கண்ணு.”

“நான் வேண்டாம்னு சொன்னதுக்கு இத்தன மதிப்பு எங்கூட்டுல கூட இல்ல” என்றாள். சிரிக்கவில்லை. “மூணு வாரம் அக்கா. பிள்ளைகள எல்லாம் வரச் சொல்லி அழுது முடிச்சுட்டோம். இப்ப இல்லைன்னு சொல்லவா? அந்த எண்ணு மறுக்கா அப்படியே வந்தா மறுக்கா அழவா?”

வெள்ளையன் பழத்தோலை ஓரமாகப் போட்டுவிட்டு, “எம்பட ரத்தத்துக்கு பஸ்ஸு ஒத்துக்காதாட்ட இருக்குது” என்றார்.

பொன்னி அவரை முறைத்தாள். பிறகு என்னிடம், “எடுங்க. ஆனா இவரு ரத்தம் தனியா பஸ் ஏற வேண்டாம். ஆளே கீழ இறங்கட்டும், அங்க எடுத்து அங்கயே சுத்தட்டும். எங்கண்ணுல காட்டோணும்” என்றாள். அதைக் கேட்டு டாக்டர், “நானும் அதத்தான் சொல்ல இருந்தேன்” என்றார்.

மறுநாள் மூன்று பேரும் இறங்கினோம். இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வெள்ளையன் வாந்தி எடுத்தார். நாமக்கல் லேபில் எடுத்து, அரை மணி நேரம் வைத்து, சுற்றினார்கள். நான் அந்த அரை மணி நேரமும் டியூப்பின் முன்னாலிருந்து நகரவில்லை. லேப்காரர் எடுத்து வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்தார். வைக்கோல் தண்ணீர் நிறம். பொன்னி கிட்டே வந்து பார்த்து, “இதுல என்ன தெரியுது?” என்றாள். இதில் ஒன்றும் தெரியாது, எண் வந்தால்தான் தெரியும் என்றேன். பரவிய நோயாக இருந்தாலும் சீரம் மஞ்சளாகத்தான் இருக்கும். அதையும் சொன்னேன். இனிமேல் அவளிடம் எதையும் பாதியாகச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எட்டு நாளில் எண் வந்தது. பன்னிரண்டு.

டாக்டர் கோயம்புத்தூருக்கு மூன்று தடவை போன் பண்ணினார். முதல் தடவை யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் தடவை பெரிய டாக்டரே பேசினார். எண்ணை மட்டும் நம்பி அவரும் வெட்டிவிடவில்லை. கழுத்துக்குக் கீழே சின்னதாகக் கீறி அந்த நெறிக்கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். அதில் நோய் இல்லை. பிறகுதான் நுரையீரலின் மேல் பாகத்தை எடுத்தார்கள். தைப் பொங்கலுக்கு வெள்ளையன் வீட்டில் இருந்தார்.

ஒரு மாதம் டாக்டர் ஐஸ் டப்பாவை என் கையில் கொடுக்கவில்லை. நர்ஸே கொண்டு போனார். நான் வாசல் வரை போய் நின்று பார்ப்பேன். அதற்குள் டாக்டர் எங்கோ தேடி, கையால் சுற்றுகிற பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்து மேசையில் திருகினார். கரண்ட் போனால் இனி இது என்றார். அதைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் போனது. இன்றைக்கும் கையை முழுதாகத் தூக்க முடியாது.

வெள்ளையன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்க வருவார். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு எண்ணும் இறங்கி அப்படியே நின்றன. டியூப்பைச் சுற்றி எடுத்ததும் அவரிடம் காட்டுவேன். பார்த்துவிட்டு, “இன்னைக்கும் செல்லும்” என்று சொல்லிப் போவார். ஒரு வருடம், இரண்டு வருடம் போனது. பொன்னி வருவதை நிறுத்திவிட்டாள். மிளகு வேலை அவளுக்கு.

மூன்றாம் வருடம் ஒரு தடவை இரண்டு எண்ணும் ஏறி வந்தன. டாக்டர் என்னைக் கூப்பிட்டு அந்த டியூப் எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். பத்து நாள் விட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னார். எடுத்தோம். கரண்ட் இருந்தது. நேரம் தவறவில்லை. நானே இறங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு எண்ணும் இன்னும் கொஞ்சம் கூடத்தான் வந்தன.

வெள்ளையன் தனியாகத்தான் வந்திருந்தார். டாக்டர் உள்ளே வைத்து வெகு நேரம் பேசினார், கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார். வெளியே வந்தவர் நேராக லேபுக்கு வந்தார். நான் ரேக்கில் டியூப் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க அக்கா, இந்தத் தடவ அது செவந்து கிவந்து போச்சுங்களா?”

ஆமாம் என்று சொன்னால் இன்னும் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவார். அப்படி ஒன்று எனக்குத் தோன்றத்தான் செய்தது.

“இல்ல தம்பி. ரெண்டு தடவையும் சுத்தமா இருந்துது.”

வெள்ளையன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “வேற யாராச்சும் சொன்னா நம்ப மாட்டேன்” என்றார். “கெட்டுப்போச்சுன்னு அன்னைக்கு நீங்களேதான வந்து சொன்னீங்க. இன்னைக்குச் சுத்தம்னா சுத்தந்தான்.”

பிறகு சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பொன்னிக்கு எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லி, டாக்டரிடம் அரை நாள் லீவு கேட்கப் போனேன்.